சான்றிதழும் பட்டறிவும்

தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை தேடிப் புறப்படும் இளைஞர்களை இரண்டு கேள்விகள் வாயிலிலேயே நிறுத்தி வைக்கின்றன. "என்ன சான்றிதழ் பெற்றிருக்கிறீர்?" என்பது ஒன்று. "எத்தனை ஆண்டு அனுபவம் உண்டு?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை தேடிப் பலர் பயிற்சி நிலையங்களை நோக்கி ஓடுகின்றனர். இரண்டாவது கேள்விக்கு விடை காண வழி தெரியாமல் பலர் திகைத்து நிற்கின்றனர். வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்றால், தொடங்குவது எங்கே? மாணவ மாணவியரே, இந்தச் சிக்கலைச் சற்றுப் பொறுமையோடு அவிழ்த்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

இது பட்டிமன்றத்தில் பேசிக் கலைவதற்கு மட்டும் உரிய பொருளன்று. கணிப்பொறித் துறைச் சான்றிதழ்த் தேர்வு ஒன்றுக்கு நூறு டாலர் முதல் பல நூறு டாலர் வரை கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. பயிற்சி நிலையத்தின் கட்டணம் அதற்குப் புறம்பானது. நம் நாட்டில் எத்தனையோ இல்லங்களில் அந்தத் தொகை, தாயின் வளையலை அடகு வைத்துத் திரட்டிய தொகையாக இருக்கிறது. அப்பணம் எதனை வாங்கித் தரும், எதனை வாங்கித் தராது என்பதைக் கொடுப்பதற்கு முன்பே அறிந்துகொள்ளுதல் நம் கடமையன்றோ?

முதலில் சான்றிதழ் என்பது யாது எனக் காண்போம். மருத்துவர் ஒருவர் நோயாளியைத் தொடுவதற்கு முன் மருத்துவப் பேரவையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டுமானால் வழக்கறிஞர் மன்றத்தின் பதிவு வேண்டும். விமானியின் உரிமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இவையெல்லாம் சட்டம் வகுத்த வேலிகள். கணிப்பொறித் துறையிலோ அத்தகைய வேலி இல்லை. நிரல் எழுதுவதற்கு எவரும் உரிமம் பெற வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் கூறவில்லை. ஆகவே இத்துறையின் சான்றிதழ் உரிமம் ஆகாது. அது ஒரு பரிந்துரை. "இவருக்கு இன்னது தெரியும் என்பதைச் சோதித்துப் பார்த்தோம்" என்று ஒருவர் தரும் வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தின் மதிப்பு, கொடுப்பவர் யார் என்பதையும், எவ்வாறு சோதித்தார் என்பதையும் பொறுத்தது.

கொடுப்பவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். பொருளை உற்பத்தி செய்து விற்கும் நிறுவனங்கள் தம் பொருளைக் கையாளும் திறமைக்குச் சான்றிதழ் தருவது முதல் வகை. வலையமைப்புக் கருவிகளை விற்கும் சிஸ்கோவும், மைக்ரோசாப்டும், அமேசானின் கணிமைச் சேவைப் பிரிவும் தருபவை இவ்வகையைச் சேர்ந்தவை. எந்த ஒரு நிறுவனத்தின் பொருளையும் சாராமல் பொதுவான அறிவைச் சோதிக்கும் அமைப்புகள் தருவது இரண்டாவது வகை. நம் மத்திய அரசின் சார்பில் இயங்கும் நைலிட் நிறுவனம் நடத்தும் 'ஓ' நிலை, 'ஏ' நிலை முதலிய தேர்வுகள் இதற்கு எடுத்துக்காட்டு. முதல் வகையில் விற்பனை நோக்கமும் கலந்திருக்கிறது என்பதை மாணவர்கள் மறத்தல் ஆகாது. தன் கருவியை அறிந்தவர் தொகை பெருகினால் அக்கருவியை வாங்குவோர் தொகையும் பெருகும் என்பது வணிகர் அறிந்த கணக்கு. அதனால் அச்சான்றிதழ் பொய்யாகி விடாது. ஆனால் அதன் எல்லை குறுகியது.

இனி, இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கணிப்பொறிகளைக் கம்பியால் இணைக்கும் வலையமைப்புகள் அலுவலகங்களில் பெருகிய காலத்தில், நோவெல் என்ற நிறுவனத்தின் மென்பொருளே எங்கும் கோலோச்சியது. அதனை நிறுவவும் பேணவும் தெரிந்தவர்களுக்கு அந்நிறுவனம் சான்றிதழ் வழங்கியது. 1992-இல் மைக்ரோசாப்ட் தன் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. 1993-இல் சிஸ்கோ நிறுவனம் சி.சி.ஐ.இ. என்னும் உயர்நிலைத் தேர்வை ஏற்படுத்தியது. சான்றிதழ் உடையவர்க்கு நல்ல ஊதியம் கிடைக்கிறது என்ற செய்தி பரவவே, தேர்வு எழுதுவோர் கூட்டம் பெருகியது. வலையமைப்பு ஒன்றைக் கண்ணால் கண்டிராதவர்களும் நூலை மனப்பாடம் செய்து வெற்றி பெற்றனர். அவர்களை அத்துறையினர் 'காகிதப் பொறியாளர்' என்று ஏளனமாக அழைக்கத் தொடங்கினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் அவர்களும் வேறு சொல்லால் சொன்னார்கள்.

இன்றும் இந்நோய் தீரவில்லை. தேர்வில் வந்த வினாக்களைத் திருட்டுத்தனமாகத் திரட்டி, விடைகளோடு விற்கும் கடைகள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றை உருப்போட்டு வெற்றி பெறுவோரும் உண்டு. அது கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் பறிக்கப்படும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். கண்டுபிடிக்கப்படாவிட்டால் நேர்வது அதனினும் கொடிது. நேர்முகத் தேர்வில் ஒருவர் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வலையமைப்பில் ஒரு கணிப்பொறி மட்டும் இணைப்புப் பெறவில்லை, முதலில் எதைப் பார்ப்பீர்?" என்று கேட்டால், உருப்போட்ட விடை உதவிக்கு வருமா?

தேர்வுகள் அனைத்தும் இத்தகையவை என்று எண்ணிவிடலாகாது. நம் ஊர்களில் தட்டச்சுப் பயிலகங்களைப் பார்த்திருப்பீர்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சு இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்பது அளவு. அத்தேர்வில் "தட்டச்சுப் பொறியின் உறுப்புகளை விவரிக்க" என்று கேட்டு ஒருவரைத் தட்டச்சராக ஏற்றுக்கொள்வதில்லை. பொறியின் முன் அமர்ந்து அடித்துக் காட்ட வேண்டும். விரல்கள்தாம் விடை எழுதும். அங்கே சான்றிதழும் கைப்பழக்கமும் வேறு வேறாக நிற்பதில்லை. கணிப்பொறித் துறையிலும் இவ்வகைத் தேர்வுகள் உள்ளன. லினக்ஸ் இயங்குதளத்தைச் சார்ந்த ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.இ. தேர்வில், இயங்கும் கணிப்பொறியைக் கொடுத்து, இன்னின்ன பணிகளைச் செய்து முடிக்க என்று பணிப்பார்கள். சிஸ்கோவின் சி.சி.ஐ.இ. தேர்வில் எட்டு மணி நேரச் செய்முறைச் சோதனை உண்டு. இத்தகைய தேர்வில் வென்றவரைக் காகிதப் பொறியாளர் என்று எவரும் சொல்லத் துணியார்.

இன்னும் சில சான்றிதழ்கள் ஒரு படி மேலே சென்று, அனுபவத்தையே தமக்குரிய நிபந்தனையாக வைத்திருக்கின்றன. கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையில் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று ஒன்று உண்டு. 1994 முதல் வழங்கப்பட்டு வருவது. அதன் பாடத்திட்டம் எட்டுப் பிரிவுகளை உடையது. அவற்றுள் இரண்டிலேனும் மொத்தம் ஐந்து ஆண்டுகள் ஊதியம் பெற்றுப் பணியாற்றியிருக்க வேண்டும். பட்டம் பெற்றவர்க்கு ஓராண்டு சலுகை உண்டு. அனுபவம் இல்லாமல் தேர்வில் மட்டும் வெற்றி பெற்றவருக்கு அச்சான்றிதழ் கிட்டாது. அவர் இணை உறுப்பினராகச் சேர்ந்து, ஆறு ஆண்டுகளுக்குள் அவ்வனுபவத்தை ஈட்டிக்கொள்ள வேண்டும். திட்ட மேலாண்மைக்கு உரிய பி.எம்.பி. சான்றிதழும் அவ்வாறே, நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் 36 மாதங்கள் திட்டங்களை நடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும். சான்றிதழ் கொடுப்பவர்களே அனுபவத்தைக் கேட்கிறார்கள் என்றால், இவ்விரண்டையும் எதிரிகளாக நிறுத்தி வாதிடுவது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

அனுபவத்திற்குத் தமிழில் பட்டறிவு என்று ஓர் அழகிய சொல் உண்டு. பட்டு அறிவது பட்டறிவு. நூல் சொல்லாத பாடத்தை நிகழ்ச்சி சொல்லும். அதற்கு ஒரு சான்று கூறுகிறேன். நிரல் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் தளத்தில், 2017 ஜனவரி 31-ஆம் நாள் இரவு பொறியாளர் ஒருவர் தரவுத்தளக் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். துணைக் கணிப்பொறியில் ஒரு தொகுதியை அழிப்பதாக எண்ணி, முதன்மைக் கணிப்பொறியிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். உடனே உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியது.

காப்பு நகல் எடுத்து வைத்திருக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். அதற்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஆனால் வேண்டிய வேளையில் அவற்றுள் எதுவும் முறையாகக் கைகொடுக்கவில்லை. நகல் எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால், நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய நகல் உருவாகவே இல்லை. அது தோல்வியுற்றதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்று சேரவில்லை. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்திற்கு முன்பு எடுத்து வைத்த ஒரு நகல் இருந்ததால் பெரும்பகுதி மீண்டது. அந்த ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. நிறுவனம் இதனை மூடி மறைக்காமல், நேர்ந்தது அனைத்தையும் விரிவாக எழுதி உலகறிய வெளியிட்டது.

மாணவர்களே, இதனைச் சிந்தித்துப் பாருங்கள். காப்பு நகல் எடுக்க வேண்டும் என்பது எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. தேர்வில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். ஆனால் எடுத்த நகலைக் கொண்டு தரவை மீட்டுப் பார்த்தால் அன்றி அது நகல் ஆகாது என்பதையும், இரவு நெடுநேரம் விழித்துக் களைத்த கண்ணோடு அழிக்கும் கட்டளையைக் கொடுக்கலாகாது என்பதையும் உள்ளத்தில் ஆழப் பதிப்பது பட்டறிவே. அதிலும், பிறர் பட்டதை வெளிப்படையாக எழுதி வைக்கும்போது, நாம் படாமலேயே அறிந்துகொள்ள முடிகிறது. அத்தகைய அறிக்கைகளைத் தேடிப் படிப்பது மாணவர்க்குச் செலவில்லாத அனுபவமாகும்.

ஆசிரியத் தொழிலிலும் இவ்வுண்மையை நான் கண்டிருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் ஹெர்பார்ட்டின் படிகளின்படி பாடக்குறிப்பு எழுதப் பழகினோம். ஆயத்தம் இவ்வளவு நிமிடம், வினாக்கள் இவ்வளவு என்று வகுத்து எழுதுவோம். அறுபது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், பிற்பகல் முதல் பாடவேளையில், கடைசி வரிசைப் பையன் உறங்கி வழியும்போது என்ன செய்வது என்பதை அக்குறிப்பேடு சொல்லவில்லை. அதனை வகுப்பறை சொல்லிக் கொடுத்தது. ஆயினும் பயிற்சி வீணாகவில்லை. பாடம் ஏன் தவறியது என்று மாலையில் எண்ணிப் பார்ப்பதற்கு உரிய சொற்களையும் அளவுகோலையும் அந்தப் பயிற்சிதான் எங்களுக்குக் கொடுத்திருந்தது.

இதனால் அனுபவம் ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிடலாமா? ஆகாது. அனுபவத்திலும் காகித அனுபவம் உண்டு. செக்கு மாடு காலை முதல் மாலை வரை நடக்கிறது. நடந்த தொலைவைக் கூட்டினால் பக்கத்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் மாலையில் அது நிற்பது காலையில் நின்ற இடத்திலேயே. பத்து ஆண்டுகள் பணி செய்தேன் என்று கூறும் ஒருவர், முதலாண்டில் கற்றதையே பத்து முறை செய்திருந்தால், அவருடைய அனுபவம் ஓராண்டுதான். கணிப்பொறித் துறையோ ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருப்பது. தாமே அலுவலகத்தில் கணிப்பொறிகளை வாங்கி நிறுத்திய நிறுவனங்கள் இன்று தொலைவில் இருக்கும் மேகக் கணிமையை வாடகைக்கு எடுக்கின்றன. பழைய முறையில் மட்டும் தேர்ந்தவர் புதிய பாடத்திட்டம் ஒன்றை ஒழுங்காகப் படித்துத் தேறுவது, தம் அறிவின் ஓட்டைகளைத் தாமே கண்டு அடைக்கும் வழியாகும்.

ஆனால் பழமை என்பதற்காகவே ஒன்றை எறிந்துவிடவும் கூடாது. கோபால் என்னும் நிரல்மொழி 1959-இல் வடிவம் பெறத் தொடங்கியது. அதன் காலம் முடிந்தது என்று பலர் எண்ணியிருந்தனர். 2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் வேலை இழந்தோர் பெருந்திரளாக உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பழைய கணிப்பொறி அமைப்புகள் திணறின. அம்மொழி அறிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று அம்மாநில ஆளுநரே வேண்டுகோள் விடுத்தார். ஒரு துறையை வேரோடு அறிந்தவரின் அறிவு, நாகரிகம் மாறியதால் மட்டும் பயனற்றுப் போவதில்லை.

சான்றிதழுக்கோ ஆயுள் குறைவு. சிஸ்கோ, அமேசான், ரெட் ஹாட் ஆகியவற்றின் சான்றிதழ்கள் பல மூன்று ஆண்டுகளே செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட மைக்ரோசாப்டின் எம்.சி.எஸ்.இ. சான்றிதழையே அந்நிறுவனம் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஆகவே சான்றிதழ்களை நகை சேர்ப்பதுபோல் சேர்த்துப் பெட்டியில் வைப்பதால் பயனில்லை. அது பயிர், பருவம் தவறாமல் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சான்றிதழ் யாருக்குப் பயன்படும்? என் கருத்தில், தனக்காகப் பரிந்து பேச எவரும் இல்லாதவனுக்கே அது பெரிதும் பயன்படும். நகரத்துப் பெருங்கல்லூரியில் பயின்று, உறவினர் நால்வர் இத்துறையில் இருக்கப் பெற்றவனுக்கு அவன் சூழலே பரிந்துரை. சிற்றூரிலிருந்து குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வரும் பெண்ணுக்கு யார் பரிந்துரைப்பார்? ஆயிரம் விண்ணப்பங்கள் குவியும் இடத்தில், அவள் பெயரை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கச் செய்வது அந்தத் தாள்தான். மேலும், பெரிய நிறுவனங்களின் வணிகப் பங்காளிகளாக இருப்போர், தம்மிடம் சான்றிதழ் பெற்ற பணியாளர் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டிருக்கின்றனர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-இல் வெளியிட்ட விதிகளின்படி, தகவல் பாதுகாப்புப் பணிகளுக்குக் குறிப்பிட்ட சான்றிதழ்கள் கட்டாயமாயின. இத்தகைய இடங்களில் சான்றிதழ் இல்லாத அனுபவம் வாயிலுக்கு வெளியே நிற்க நேரும்.

தாள் கதவைத் திறக்கும். உள்ளே இருந்து பணி செய்ய வேண்டியது கை. அக்கைப்பழக்கத்தை வேலை கிடைப்பதற்கு முன்பே எவ்வாறு பெறுவது என்ற தொடக்கக் கேள்விக்கு இனி வருகிறேன்.

முதல் வழி, சொந்தக் கணிப்பொறியையே பணிமனை ஆக்கிக்கொள்வது. ஒரு கணிப்பொறிக்குள்ளேயே பல கணிப்பொறிகளை உருவாக்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வலையமைப்பை அமைத்துப் பழகுவதற்கு உதவும் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருளையும் கட்டணமின்றிப் பெறலாம். அமைத்துப் பாருங்கள். அமைத்ததை வேண்டுமென்றே கெடுத்து, மீண்டும் சீர்செய்யுங்கள். கெட்டதை நோக்கும்போதுதான் அதன் அமைப்பு விளங்கும்.

இரண்டாவது வழி, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் பங்கு கொள்வது. 1991-இல் ஹெல்சிங்கி நகரில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இன்று உலகெங்கும் பல்லாயிரவர் கைகளால் வளர்கிறது. அத்தகைய திட்டங்களில் ஒரு பிழையைக் கண்டு சொல்வதும், விளக்கக் குறிப்பு ஒன்றைத் திருத்துவதும், தமிழில் மொழிபெயர்ப்பதும் பணிகளே. நீங்கள் செய்தது உங்கள் பெயரோடு யாவரும் காண நிற்கும். அது எந்தச் சான்றிதழுக்கும் குறைந்த சான்றன்று.

மூன்றாவது வழி, அண்டை அயலாருக்கு உதவுவது. உங்கள் பள்ளி நூலகத்திற்கு நூற்பட்டி, ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு இருப்புக் கணக்கு என்று சிறியதாகத் தொடங்குங்கள். உண்மையாகப் பயன்படுத்துபவர் ஒருவர் வந்து, "தம்பி, நேற்று எழுதிய கணக்கைக் காணோமே!" என்று கேட்கும்போது உங்கள் படிப்பு உயிர்பெறும்.

நான்காவது வழி, குறைந்த செலவில் நல்ல ஆசிரியரை நாடுவது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் என்.பி.டெல் பாடங்களை இலவசமாகப் பயிலலாம். 2014 முதல் விரும்புவோர் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகவும் மாணவர்கள் திறன் பயிற்சி பெறுகின்றனர். பெருந்தொகை கேட்டு, "வேலை உறுதி" என்று பலகை தொங்கவிடும் நிலையங்களில் பணத்தைக் கட்டுவதற்கு முன் இவற்றை நாடுங்கள். அங்கே படித்து முடித்தவர் இருவரையேனும் தேடிக் கண்டு, உண்மையைக் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

இவ்வழிகளில் எதில் சென்றாலும், ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இன்ன நாள் இன்ன கோளாறு. எண்ணிய காரணம் இது. உண்மைக் காரணம் இது. தீர்த்த முறை இது என்று நான்கு வரி எழுதுங்கள். ஓராண்டு முடிவில் அக்குறிப்பேடு உங்கள் பட்டறிவின் கணக்காக இருக்கும். நேர்முகத் தேர்வில் எது கேட்டாலும் சொந்த விடை சொல்ல அது துணை செய்யும். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட உடனே நிரல் எழுதித் தருகின்றன. அவை தருவது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு, பிழைகளோடு மல்லாடிய ஒருவருக்கே வாய்க்கும்.

முடிவாக ஒரு முறையைச் சொல்லி அமைகிறேன். படிப்பு முடியும் தறுவாயில், நீங்கள் விரும்பும் பிரிவில் செய்முறை கலந்த சான்றிதழ் ஒன்றைப் பெறுங்கள், ஒன்று போதும். அதற்குப் படிக்கும் ஒவ்வொரு பாடத்தையும் கையால் செய்து பாருங்கள். வேலையில் அமர்ந்த பிறகு சில ஆண்டுகள் பணியையே ஆசானாகக் கொள்ளுங்கள். வேறொரு பிரிவுக்கு மாற எண்ணும்போதும், புதுமுறை ஒன்று தலையெடுக்கும்போதும் மீண்டும் பாடநூலைத் திறந்து, வேண்டுமானால் தேர்வும் எழுதுங்கள். படிப்பும் பணியும் இவ்வாறு மாறி மாறி வருமானால், "என்ன சான்றிதழ்?" என்று கேட்பவருக்கும் "எத்தனை ஆண்டு?" என்று கேட்பவருக்கும் உங்களிடம் நேர்மையான விடை இருக்கும்.